உர்-குவான்களுக்குத் தமிழ் கற்றுத்தரப் போகிற ஆறு பேருக்கு

போன ஞாயிற்றுக்கிழமை சுவால்பேட்டையில் என் வீட்டு மாடிக்கு ஆறு பேர் வந்தீர்கள். இரண்டு பேர் ஆம்பூர், ஒரு பெண் ராணிப்பேட்டை, மற்ற மூவரும் நம் அரக்கோணம். “சார், 1992-ல வந்த ஸ்பேஸ் கேம் ஒண்ணு. இப்ப இலவசமா கிடைக்குது, சோர்ஸ் கோடும் இருக்கு. நாம அதைத் தமிழ்ல கொண்டுவரலாமா?” என்று கேட்டீர்கள். பதில் சொல்ல ஆரம்பித்தபோது கரண்ட் போனது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஆம்பூர்த் தம்பிகள் எழுந்துவிட்டார்கள். எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். எழுதிவிட்டேன். வரிசைப்படி படியுங்கள்.

1. முதலில் ஆடுங்கள். கடைசிவரை ஆடுங்கள்.

உங்களில் மூன்று பேர் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடவில்லை. இரண்டு பேர் யாரோ ஆடியதை வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். அது போதாது.

‘ஸ்டார் கன்ட்ரோல் 2’ ஆட்டத்தைச் செய்தவர்கள் பால் ரைக்கியும் ஃபிரெட் ஃபோர்டும். டாய்ஸ் ஃபார் பாப் என்பது அவர்களுடைய சிறிய நிறுவனம். வெளியிட்டது அக்கலேட். கதை 2155 பிப்ரவரி 17 அன்று தொடங்குகிறது. மறைந்துபோன பழைய இனம் ஒன்று விட்டுச்சென்ற கப்பலில் நீங்கள் பூமிக்குத் திரும்புகிறீர்கள். பூமியைச் சுற்றிச் சிவப்பாக ஒரு திரை. உர்-குவான்கள் போரில் வென்று மனிதர்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். மேலே சுற்றும் விண்நிலையத்தில் எரிபொருள் தீர்ந்து, விளக்குகூட இல்லாமல் சிலர் இருக்கிறார்கள். கதிரியக்கத் தனிமம் கொண்டுவந்து கொடுத்தால்தான் அவர்களால் எழுந்து உட்கார முடியும். புதன் கிரகத்தில் இறங்கி அதைப் பொறுக்கி வரவேண்டும்.

அதன் பிறகு ஆட்டம் வழி காட்டாது. 500-க்கும் மேற்பட்ட விண்மீன்கள் வரைபடத்தில் கிடக்கின்றன. எங்கே யார் இருக்கிறார்கள், யாருக்கு யார் பகை, எது பொய் என்பதெல்லாம் பேசிப் பேசித்தான் தெரியவரும். ஒருவர் போகிற போக்கில் ஒரு நட்சத்திரத்தின் பெயரைச் சொல்வார். குறித்துக்கொள்ளாவிட்டால் போனது போனதுதான். இதற்கிடையில் காலண்டர் ஓடிக்கொண்டே இருக்கும். சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் ஒருநாள் வரைபடத்தில் இனங்கள் ஒவ்வொன்றாக அழியத் தொடங்கும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது. அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஆளுக்கு ஒரு 80 பக்க நோட்டு வாங்குங்கள். கேட்டதை எழுதிக்கொண்டே ஆடுங்கள். இணையத்தில் விடை தேட வேண்டாம். அந்த நோட்டு பின்னால் மொழிபெயர்ப்புக்கு உதவும். எந்த வாக்கியத்தில் துப்பு ஒளிந்திருக்கிறது என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

2. கத்திக்கு முன்னால் கை.

ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் செய்யும் கம்பெனிகளில் 27 வருஷம் பேட்டர்ன் செக்‌ஷனில் இருந்தேன். வாலாஜா ரோடில் இறங்கி பஸ் பிடித்துப் போவேன். அங்கே கட்டிங் டேபிளில் ஒரு பெரியவர் இருந்தார். புதிதாகச் சேரும் பையன்கள் தோல் வந்ததும் டையை எடுத்து வைத்து வெட்டப் பார்ப்பார்கள். அவர் விடமாட்டார். தோலை விரித்து, இரண்டு கையாலும் இழுத்து, எந்தப் பக்கம் நீள்கிறது எந்தப் பக்கம் முறைக்கிறது என்று பார்ப்பார். முள் கீறல், உண்ணிக்கடி, சூடு போட்ட தழும்பு எல்லாவற்றையும் விரலால் தடவிக் கண்டுபிடித்துச் சாக்பீஸால் சுற்றி வட்டம் போடுவார். பத்து நிமிஷம் கத்தி பேசாது. பிறகு அவர் வெட்டினால் வீணாகும் துண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும்.

நிரலையும் அப்படித் தடவிப் பாருங்கள். இது சி மொழியில் இருக்கிறது. நல்ல வேளையாக, ஒவ்வொரு கப்பலுக்கும் தனி அடைவு வைத்திருக்கிறார்கள். சூப்பர் மெலீ என்ற சண்டைப் பகுதியில் 25 வகைக் கப்பல்கள். ஸ்பாத்தி என்ற இனத்தின் கப்பலில் தொடங்குங்கள். அது பயந்து ஓடிக்கொண்டே பின்பக்கமாக ஏவுகணை விடும் கப்பல். அதன் கோப்பைத் திறந்தால் மேலேயே எண்கள் வரிசையாக இருக்கும்: வேகம், திரும்பும் நேரம், ஆற்றல், ஏவுகணையின் ஆயுள். ஒரே ஒரு எண்ணை மாற்றித் தொகுத்து ஓட்டிப் பாருங்கள். கோழைக் கப்பல் எப்படி மூர்க்கக் கப்பலாகிறது என்று தெரியும். அதை உடனே பழையபடி மாற்றிவிடுங்கள். எத்தனை பேர் எத்தனை ராத்திரி உட்கார்ந்து அந்த எண்ணைப் பிடித்திருப்பார்கள் என்று அப்போது புரியும்.

ஆட்டத்தின் நிரலைப் பொறுத்தவரை ஒரு மாதம் வாசிப்பு மட்டும். யாருக்கும் எந்தத் திருத்தமும் அனுப்ப வேண்டாம்.

3. நகல், நகல், இன்னொரு நகல்.

1998-ல் நான் இருந்த ஒரு கம்பெனியில் ஒரு சீசனுடைய பேட்டர்ன் முழுவதும், அளவுவாரியாக கிரேடிங் செய்து, ஒரே ஃபிளாப்பியில் இருந்தது. லேபிள் உரிந்துபோயிருந்தது. காலி ஃபிளாப்பி என்று நினைத்து ஃபார்மட் செய்தது நான்தான். அட்டைப் பேட்டர்ன்கள் மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததால் பிழைத்தோம். பதினோரு ராத்திரி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மறுபடி புள்ளி குத்தி ஏற்றினேன். அட்டையும் இல்லாமலிருந்தால் அந்த ஷூ இனி உலகத்தில் கிடையாது.

ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள். வேலை மூன்று இடத்தில் இருக்கட்டும், மூன்றும் ஒரே பையில் வேண்டாம்.

4. யார் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பலரும் இந்த ஆட்டத்தை ரசிகர்கள் ‘மீட்டெடுத்தார்கள்’ என்று சொல்கிறார்கள். பாதிதான் சரி. 1994-ல் 3டிஓ என்ற கேம் பெட்டிக்கு இந்த ஆட்டம் குரல் நடிப்போடு மறுபடி வந்தது. அந்தப் பதிப்பின் மூல நிரலை டாய்ஸ் ஃபார் பாப் 2002 ஆகஸ்டில் ஜிபிஎல் உரிமத்தில் திறந்து கொடுத்தார்கள். நினைத்துப் பாருங்கள், கடையில் அந்த 3டிஓ பெட்டியே அப்போது கிடையாது. அந்தப் பெட்டிக்கென்று எழுதிய நிரலை ரசிகர்கள் எஸ்டிஎல் என்ற பொது நூலகத்தின் மேல் மாற்றி நிறுத்தினார்கள். அதனால் விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடியது. அறிமுகப் படங்கள் பழைய வீடியோ வடிவத்தில் இருந்தன. அவற்றைப் பிரித்துப் படிக்கவும் ரசிகர்கள் தனி நிரல் எழுதினார்கள். 2007-ல் 0.6 பதிப்பில், இரண்டு ஊர்களில் இருப்பவர்கள் வலைவழியாகச் சண்டை போடலாம் என்று ஆனது. 1992-ல் ஒரே கீபோர்டில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடிய ஆட்டம் அது.

ஒருவர் கொடுத்தார், பலர் வாங்கிக் காப்பாற்றினார்கள். உங்கள் தமிழ்ப் பதிப்பின் முதல் திரையில் இரு தரப்பின் பெயரும் வரவேண்டும்.

5. பெயரும் சட்டமும்.

ரசிகர்கள் திட்டத்தின் பெயர் ஏன் ‘தி உர்-குவான் மாஸ்டர்ஸ்’, ஏன் ‘ஸ்டார் கன்ட்ரோல்’ இல்லை என்று ஒரு தம்பி கேட்டான். நிரலும் கதையும் செய்தவர்களிடம் இருந்தன. வணிகப் பெயர் வெளியிட்டவர்களிடம் இருந்தது. அக்கலேட்டை 1999-ல் இன்ஃபோகிராம்ஸ் வாங்கியது. அது பிறகு அட்டாரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2013-ல் அட்டாரி திவாலானபோது ஏலத்தில் அந்தப் பெயரை ஸ்டார்டாக் வாங்கியது. 2017 டிசம்பரில் ஸ்டார்டாக்குக்கும் ஆட்டத்தைச் செய்தவர்களுக்கும் இடையே வழக்கு வந்தது. 2019 ஜூனில் சமரசம் ஆனது. அந்தச் சமரசத்தில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம்: ஸ்டார்டாக் தலைவர் தேனீ வளர்ப்பவர், பால் ரைக்கி தேன்மது காய்ச்சுபவர். இருவரும் தேனையும் மதுவையும் பரிமாறிக்கொள்வது என்று முடிவு செய்தார்கள்.

ரசிகர்கள் 2002-லேயே அந்தப் பெயரை விட்டு வேறு பெயர் வைத்திருந்தார்கள். அந்த நிதானம் நமக்கும் வேண்டும். நம் ஊரில் ‘பழசுதானே, யார் கேட்கப் போகிறார்கள்’ என்ற பேச்சு அதிகம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. எழுதியவர் இருக்கும்வரை உரிமை அவருடையது, அவர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள் வாரிசுகளுடையது. 1992-ல் வந்த எதுவும் அநாதைச் சொத்து கிடையாது.

இந்த ஆட்டத்தில் நிரலுக்கு ஜிபிஎல். படம், இசை, வசனம், குரல் எல்லாவற்றுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் தனியாக இருக்கிறது. அதில் மூன்று நிபந்தனைகள்: செய்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், காசுக்கு விற்கக்கூடாது, மாற்றினால் அதே உரிமத்திலேயே பகிர வேண்டும். வசனத்தை மொழிபெயர்ப்பதும் மாற்றுவதுதான். ஆகையால் உங்கள் தமிழ்ப் பதிப்பைப் புத்தகக் கண்காட்சியில் ஐம்பது ரூபாய்க்குக்கூட விற்க முடியாது. இதை இன்றைக்கே ஆறு பேரும் ஒத்துக்கொண்டு எழுதி வைத்துவிடுங்கள். பணப்பேச்சு பின்னால் வந்தால் நட்பு கெடும்.

6. எதையும் அழித்துவிட்டுப் புதிதாக வைக்காதீர்கள்.

இதுதான் நான் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்ல நினைத்தது.

அன்று ஒருவர், “சார், இப்ப இருக்கிற பசங்க நோட்டுல எழுத மாட்டாங்க. அடுத்து எங்க போகணும்னு அம்புக்குறி போட்டுடலாம்” என்றார். ஆசை புரிகிறது. ஆனால் இந்தத் திட்டத்தின் அமைப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். டாஸ் பதிப்பில் மெனு எழுத்துகளாக இருந்தது, 3டிஓ பதிப்பில் படங்களாக இருந்தது. எது நல்லது என்று ரசிகர்கள் சண்டை போட்டிருக்கலாம். இரண்டையும் வைத்தார்கள். எது வேண்டுமோ தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தொடக்கக் காட்சி ஒன்றில் அசையாப் படங்கள், மற்றதில் வீடியோ, இரண்டும் இருக்கின்றன. கிரகத்தை ஆராயும் காட்சியிலும் அப்படியே. குரல் வேண்டுமா, தனித் தொகுப்பு. வேண்டாமா, எழுத்தை மட்டும் படியுங்கள். திரையை மழுப்பிக் காட்டலாம், கட்டம் கட்டமாகவும் காட்டலாம். பழைய பதிப்பில் சேமித்த ஆட்டத்தைப் புதிய பதிப்பில் திறப்பதற்கென்றே ஒரு தனி நிரல் கோப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் பல வருஷத்துக்கு முன் பாதியில் விட்ட ஆட்டம் வீணாகக் கூடாது என்பதற்காக ஒருவர் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்திருக்கிறார். அந்தக் கோப்பைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அம்புக்குறி போடுங்கள், தடுக்கவில்லை. அது ஒரு தேர்வாக இருக்கட்டும். முதலில் அணைந்தே இருக்கட்டும். வேண்டும் என்பவர் போட்டுக்கொள்வார். தமிழும் அப்படித்தான். ஆங்கில வசனக் கோப்பின் மேல் தமிழை எழுதிச் சேமிக்காதீர்கள். கூடுதல் தொகுப்புகளுக்கென்று ஆட்டத்திலேயே ஓர் அடைவு உண்டு. உங்களுடையது அங்கே போகட்டும். எடுத்துவிட்டால் பழைய ஆட்டம் ஒரு கீறலும் இல்லாமல் அப்படியே நிற்க வேண்டும்.

7. எழுத்து. உங்கள் உண்மையான சண்டை இங்கேதான்.

ஆறு பேரும் நினைத்துக்கொண்டிருப்பது, வசனத்தை யூனிகோடில் தட்டச்சு செய்து வைத்தால் திரையில் தமிழ் வந்துவிடும் என்று. வராது. ஏன் என்று சொல்கிறேன். இதைப் பொறுமையாகப் படியுங்கள், மொத்த வேலையும் இந்த இடத்தில்தான் மாட்டும்.

இந்த ஆட்டத்தில் எழுத்துரு என்பது ஓர் அடைவு. அதற்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சின்ன பிஎன்ஜி படம். படத்தின் பெயரே அந்த எழுத்தின் குறியெண். ஆட்டம் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, ஒரு குறியெண்ணுக்கு ஒரு படம் என்று இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டே போகும். ஆங்கிலத்துக்கு இது போதும்.

‘கொக்கு’ என்று எழுதுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து: கொ, க், கு. யூனிகோடில் ஆறு குறியெண்கள்: க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி. ஃபோனிலும் உலாவியிலும் இந்த ஆறையும் சேர்த்து மூன்றாக்கிக் காட்ட உள்ளே வடிவமைக்கும் நிரல் ஒன்று வேலை செய்கிறது. இந்த ஆட்டத்தில் அது இல்லை. ஆறு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும். கொம்பு எழுத்துக்கு முன்னால் வரவேண்டியது பின்னால் வரும். புள்ளி தலைமேல் இருக்காமல் தனியாக ஓர் இடம் பிடித்து உட்காரும். உகரம் இன்னும் மோசம். கு, டு, மு, லு, பு ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக வளைகிறது. ஒரே உகரப் படத்தை ஒட்டி இத்தனையையும் வரவழைக்க முடியாது.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஹார்ஃப்பஸ் போன்ற வடிவமைப்பு நூலகத்தை ஆட்டத்துக்குள் சேர்ப்பது. சரியான வழிதான். ஆனால் நிரலின் பல இடங்களைத் தொடவேண்டும். முதல் வருஷத்திலேயே அதில் இறங்கினால் சோர்ந்துவிடுவீர்கள். இரண்டாவது வழி நம் ஊரிலேயே ஏற்கெனவே யோசித்து வைக்கப்பட்டது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து டேஸ்-16 என்ற குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. அதில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துக்கும் தனித்தனிக் குறியெண் உண்டு. ‘கொ’ ஒரே எண், ‘கு’ ஒரே எண். அவை யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால் வேறு மொழி எழுத்தோடு மோதாது. அன்றாடப் பயன்பாட்டில் டேஸ்-16 பரவவில்லை. ஆனால் ‘ஒரு எண்ணுக்கு ஒரு படம்’ என்று நிற்கும் இந்த மாதிரிப் பழைய ஆட்டத்துக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை.

செய்யவேண்டியது இதுதான். மொழிபெயர்ப்பவர்கள் சாதாரண யூனிகோடிலேயே எழுதட்டும். அந்தக் கோப்புகளை அப்படியே பத்திரமாக வையுங்கள். தொகுப்பு கட்டும்போது ஒரு சின்ன பைத்தான் நிரல் அவற்றை டேஸ்-16 எண்களாக மாற்றட்டும். கிரந்தம் ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ வரிசைகளும் ஸ்ரீயும் சேர்த்தால் 313 எழுத்துகள். பேசும் இனம் ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துரு இருக்கிறது. பத்து எழுத்துரு என்றாலே 3,000 படங்களுக்கு மேல். கையால் வரையக் கூடாது. மீரா இனிமை, கவிவானர், கேட்டமரான் போல எல்லோரும் பயன்படுத்தலாம் என்று திறந்த உரிமத்தில் கொடுத்திருக்கும் எழுத்துருக்களிலிருந்து நிரலே படம் எடுக்கட்டும். நீங்கள் கண்ணால் சரிபாருங்கள்.

கண்ணால் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மூலத்திரை 320-க்கு 240 புள்ளிகள்தான். எட்டுப் புள்ளி உயரத்தில் ‘ண’ எழுதிப் பார்த்தேன். மூன்று சுழியும் கூழாகி ‘ன’ போலவே இருந்தது. ‘மணம்’ எது ‘மனம்’ எது என்று எனக்கே தெரியவில்லை. பன்னிரண்டு புள்ளிக்குக் குறைந்து போகாதீர்கள். அப்போது வசனப்பெட்டியில் வரிகள் குறையும். அதனால் ரசிகர்கள் செய்த உயர்தெளிவுப் பதிப்பின் மேல் தமிழைக் கட்டுவதே நல்லது என்று எனக்குப் படுகிறது. இதை நீங்கள் ஆறு பேரும் பேசி முடிவு செய்யுங்கள்.

8. மொழிபெயர்ப்பு.

வசனக் கோப்பில் கம்பிக்குறியோடு (#) தொடங்கும் வரிகள் ஆட்டத்துக்கான அடையாளம். அதில் ஒரு எழுத்தைத் தொட்டாலும் அந்தப் பேச்சு வராது. குரலுக்குத் தனியாக நேரக்குறிப்பு உண்டு. நீங்கள் வரிகளைக் கூட்டினால் குறைத்தால் குரல் ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போகும். தமிழில் வாக்கியம் நீளும். நீளாமல் சொல்லப் பழகுங்கள்.

இனங்களின் குணம் அவர்கள் பேச்சில்தான் இருக்கிறது. ஸ்பாத்திகள் பயந்தாங்கொள்ளிகள். தங்கள் பயத்தை அவர்கள் மறைப்பதே இல்லை. புளூட்டோவில் தனியாக மாட்டிக்கொண்ட ஸ்பாத்தி மாலுமியைச் சந்திக்கும்போது சிரிப்பும் வரும், பரிதாபமும் வரும். இரண்டும் தமிழில் வரவேண்டும். ஆர்ஸ் என்று ஓர் இனம். அவர்கள் சொல்வதற்கு நம் மொழியில் சொல் இல்லாததால், மொழிபெயர்ப்புக் கருவி கிட்டத்தட்டப் பொருந்துகிற சொல்லை நட்சத்திரக் குறிக்குள் போட்டுக் காட்டும். படிக்கிறவனுக்கு முதலில் வேடிக்கையாக இருக்கும், போகப்போக முதுகில் சில்லிடும். இதற்கு அகராதி உதவாது. சின்னப் பிள்ளைகள் சொல் தெரியாமல் வேறொரு சொல்லை எடுத்துப் போடுவார்களே, அதைக் கவனித்துக் கேளுங்கள். வீட்டில் நாலு வயசுக் குழந்தை இருப்பவர் ஆர்ஸ் பகுதியை எடுத்துக்கொள்ளட்டும்.

வட்டார வழக்கு வைக்கலாமா என்று கேட்டீர்கள். வையுங்கள், ஆனால் ஒரு நிபந்தனை. கோழைக்கும் கொள்ளைக்காரனுக்கும் சென்னைத் தமிழையோ, உருது கலந்த ஆம்பூர்ப் பேச்சையோ கொடுத்துச் சிரிக்கவைப்பது நம் சினிமாவின் பழைய பழக்கம். அதை இங்கே கொண்டுவராதீர்கள். ஆம்பூர்த் தம்பிகள் இருவர் வீட்டிலும் அந்தப் பேச்சுதான் பேசுகிறார்கள். அதை ஷோஃபிக்ஸ்டி போன்ற வீரர்களுக்கோ விண்நிலையத் தளபதிக்கோ கொடுத்துப் பாருங்கள். எவ்வளவு அழகாக உட்காருகிறது என்று தெரியும்.

(ஆட்டத்தை முடிக்காதவர்கள் அடுத்த பத்தியைப் படிக்க வேண்டாம்.)

உர்-குவான்கள் ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். இன்னோர் இனம் அவர்கள் மனத்துக்குள் புகுந்து ஆட்டிவைத்தது. விடுதலை வாங்க அவர்கள் பட்ட வலி சாதாரணமானது கிடையாது. அதன் பிறகு, இனி எவரும் நம்மை ஆளக்கூடாது என்று ஒரு பிரிவு எல்லோரையும் அடிமையாக்குகிறது, இன்னொரு பிரிவு எல்லோரையும் கொன்றுவிடுகிறது. இரண்டுக்கும் வேர் பழைய காயம். அவர்களுக்கு நம் வில்லன் நடிகர்களின் சிரிப்பைக் கொடுத்தால் கதை செத்துவிடும். நிதானமான, கனத்த, குறைகூற முடியாத செந்தமிழ் கொடுங்கள். இழவு வீட்டில் மூத்தவர் பேசுகிற மாதிரி.

9. இசையைத் தொடாதீர்கள்.

இந்த ஆட்டத்துக்கு இசை வேண்டும் என்று டாய்ஸ் ஃபார் பாப் ஒரு போட்டி வைத்தார்கள். ஊர் ஊராக வீட்டில் உட்கார்ந்து அமிகா கணினியில் மாட் வடிவத்தில் இசை அமைத்துக்கொண்டிருந்த இளைஞர்கள் அனுப்பினார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் பின்லாந்தின் ரிக்கு நுவோட்டாயர்வி. ரசிகர்கள் ஆட்டத்தை மீட்டபோது, அவரும் சேர்ந்த ஒரு குழு அதே மெட்டுகளைப் புதிதாக வாசித்து ரீமிக்ஸ் தொகுப்புகளாகக் கொடுத்தது. பழைய மெட்டும் அப்படியே இருக்கிறது. இதற்கு மேல் நாதஸ்வரம் சேர்க்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால், தனித் தொகுப்பாக, கடைசியாக.

10. வேறு வழியில் மீட்டவர்களையும் பாருங்கள்.

1980-களின் நடுவில் கிளாஸ் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. நான் பத்தாவது படித்த பள்ளிக்கும் வந்தது. அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். லண்டனிலிருந்து யாரோ கொண்டுவந்த கேசட்டை ஒரு நாள் ஆசிரியர் போட்டுக் காட்டினார். கறுப்புத் திரையில் வெறும் கோடுகளால் ஆன ஒரு கப்பல் மெல்லச் சுழன்றது. ‘எலைட்’. டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் மாணவர்களாக இருந்தபோது எழுதி 1984-ல் வந்தது. 32 கிலோபைட் நினைவகத்தில் எட்டு அண்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். உலகங்களைச் சேமித்து வைக்கவே இல்லை. ஒரு சில விதை எண்களிலிருந்து ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டு முளைக்கவைத்தார்கள். நான் கணினிப் பக்கம் வந்ததே அன்று பார்த்த அந்தக் கோட்டுக் கப்பலால்தான்.

அதை ரசிகர்கள் மீட்ட விதம் வேறு. ‘ஊலைட்’ என்று 2004-ல் தொடங்கியது. பழைய நிரலைத் தூக்கி நிறுத்தாமல், ஆட்டத்தின் சுபாவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து எழுதினார்கள். மற்றவர்கள் கப்பலும் கதையும் சேர்க்கத் தனித் தொகுப்புகளுக்கு வழி வைத்தார்கள். ‘ஸ்கம்விஎம்’ இன்னொரு வழி: ஆட்டத்தைத் தொடாமல், பழைய ஆட்டக் கோப்புகளை இன்றைய கணினியில் ஓட்டும் எந்திரத்தை மட்டும் புதிதாகக் கட்டினார்கள். எந்த ஆட்டத்துக்கு எந்த வழி என்று பிறகு உங்களுக்கே தெரியவரும்.

11. நேரம் ஆகும்.

0.7 பதிப்பு 2011-ல் வந்தது. 0.8 பதிப்பு 2022-ல். நடுவில் பதினொரு வருஷம். அதற்குள் எத்தனை பேர் வேலை மாறியிருப்பார்கள், கல்யாணம் ஆகியிருக்கும், சிலர் திரும்பி வந்திருக்கவே மாட்டார்கள். திட்டம் நின்றுவிடவில்லை. ஏனென்றால் விட்டுப்போனவர்கள் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்கள்: குறிப்பு எழுதி, காரணம் எழுதி.

உங்களில் இரண்டு பேருக்கு அடுத்த வருஷம் கேம்பஸ். ஒருவர் வீட்டில் வரன் பார்க்கிறார்கள். ஆறு பேரும் கடைசிவரை இருப்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, நீங்களும் எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு வேலையையும், நாளைக்கு வாணியம்பாடியிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பிள்ளை வந்து திறந்தால் புரிகிற மாதிரி வையுங்கள். ‘இந்தச் சொல்லை ஏன் இப்படி மொழிபெயர்த்தோம்’ என்று ஒரு வரி. ‘இந்தப் படம் எந்த எழுத்துருவிலிருந்து’ என்று ஒரு வரி.

2024 பிப்ரவரியில் என்ன நடந்தது தெரியுமா? ரைக்கியும் ஃபோர்டும் இப்போது பிஸ்டல் ஷ்ரிம்ப் என்ற புதிய நிறுவனத்தில் இருக்கிறார்கள். ரசிகர்கள் இருபத்திரண்டு வருஷமாகக் காப்பாற்றி வளர்த்த பதிப்பையே ‘ஃப்ரீ ஸ்டார்ஸ்’ என்ற பெயரில் ஸ்டீமில் இலவசமாக வெளியிட்டார்கள். அடுத்த கதையையும் எழுதுகிறார்கள். கொடுத்தவர்களுக்கே அவர்கள் பிள்ளை வளர்ந்து திரும்பக் கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று மாடியில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். ராஜாளி தளத்திலிருந்து கடற்படை விமானம் ஒன்று தாழ்வாகப் போனது. அந்தத் தளம் வந்ததும் 1992-ல்தான்.

12. மூலத் திட்டத்தோடு சண்டை வேண்டாம்.

நம் வேலை அவர்களுக்குத் தெரியவேண்டும். தனிக்கொடி ஏற்றுவதற்கு முன்னால் கேளுங்கள், எழுதுங்கள், பதில் தாமதமானால் பொறுங்கள்.

13. அடுத்த ஞாயிறு.

காலை பத்து மணிக்கு வாருங்கள். ஆம்பூர்த் தம்பிகளே, எழுத்துப் படம் எடுக்கும் பைத்தான் நிரல் உங்கள் பொறுப்பு. க வரிசை மட்டும் போதும், மெய்யோடு சேர்த்து 13 படங்கள், பன்னிரண்டு புள்ளி உயரம். அரக்கோணத்து மூவரும் ஆட்டத்தை ஜிபிஎல் நிரலிலிருந்து உங்கள் கணினியிலேயே தொகுத்து ஓடவைத்துவிட்டு வரவேண்டும். எங்கே மாட்டியது என்று எழுதிக் கொண்டுவாருங்கள். ராணிப்பேட்டைத் தங்கச்சி, புளூட்டோ ஸ்பாத்தியின் முதல் பேச்சு உன்னுடையது. முதல் இருபது வரி மட்டும் தமிழில் எழுதிக் கொண்டுவா. சத்தம் போட்டு வாசித்துப் பார்ப்போம். பயம் கேட்கிறதா என்று பார்க்கவேண்டும்.

80 பக்க நோட்டு மறக்காதீர்கள். கரண்ட் போனால் இருக்கட்டும் என்று எமர்ஜென்சி விளக்கைச் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன்.